ஆசியாவின் டெட்ராய்ட்: ஒரு பட்டமும் நாலு தறியும்

சென்னையை "ஆசியாவின் டெட்ராய்ட்" என்று சொல்லாத முதலீட்டாளர் மாநாடு கிடையாது. யூடியூபில் தமிழ்நாட்டுப் பொருளாதாரம் பேசும் வீடியோ எதை எடுத்தாலும் மூணாவது நிமிஷத்துக்குள் இந்த வார்த்தை வந்துவிடும். பெருமையாக இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் பல வருஷமாக இந்தப் பட்டத்தைக் கேட்டுக் கேட்டு, இதன் உள்ளே என்னதான் இருக்கு என்று பிரிச்சுப் பார்க்கும் ஆசை வந்தது. அதுதான் இந்தக் குறிப்பு.

முதல் விஷயம், இந்தப் பட்டம் நமக்கு மட்டும் உரியது இல்லை. தாய்லாந்தையும் இதே பெயரில்தான் கூப்பிடுறாங்க. பாங்காக்குக்குக் கிழக்கே ராயோங் பக்கம் போனால் டொயோட்டாவுக்கும் இசுஸுவுக்கும் சப்ளை பண்ணும் கம்பெனிகள் வரிசையாக இருக்கும். 2013-ல் அந்தச் சின்ன நாடு ஒரே வருஷத்தில் 24 லட்சம் வண்டிக்கு மேல் தயாரிச்சது. அங்கேயும் தாய்லாந்துக்காரர் பெயரில் உலகம் அறிந்த ஒரு கார் கிடையாது. ஆக, ஆசியாவில் டெட்ராய்ட் பட்டம் வாங்கிய ரெண்டு இடத்திலும் சொந்தமாகப் பெரிய கார் கம்பெனி இல்லை! டொயோட்டா நகரத்தையோ உல்சானையோ பொதுவாக "ஆசியாவின் டெட்ராய்ட்" என்று கூப்பிடுவதில்லை. அவங்களுக்கு அந்தப் பட்டம் தேவைப்படவே இல்லை.

அசல் டெட்ராய்ட்டில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர் மூணும் அங்கேயே வளர்ந்த கம்பெனிகள். அப்படி இருந்தும் 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊர், 2013 ஜூலையில் திவால் மனு போட்டது. சொந்தக் கம்பெனி இருந்த ஊருக்கே அந்தக் கதி என்றால், கார் போடும் இடம் மட்டும் நம்மிடம், கார் யாருடையது என்ற முடிவு வேறெங்கோ என்று இருக்கும் ஊருக்கு என்ன பாதுகாப்பு? மறைமலை நகர்க்காரங்களைக் கேட்டால் சொல்வாங்க. 1990களின் நடுவில் மஹிந்திராவோடு கூட்டு சேர்ந்து வந்த ஃபோர்டு, 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவிச்சது. கிட்டத்தட்ட 4,000 பேர் வேலை பாதிக்கும் என்று கம்பெனியே சொன்னது. இது நேரடி ஊழியர் கணக்கு. சீட் தைச்சவன், பிளாஸ்டிக் வார்த்தவன், கேன்டீன் நடத்தினவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். முடிவு எடுத்தது அமெரிக்காவில், டெட்ராய்ட்டை ஒட்டியிருக்கும் டியர்பார்னில்.

சரி, ஜப்பான்காரனும் கொரியாக்காரனும் எப்படிச் சொந்தக் கார் செஞ்சாங்க? இங்கேதான் எங்க ஊர்ப்பக்கத்து ஆளாக எனக்கு இந்தக் கதை ஒட்டிக்கொண்டது. வந்தவாசிக்கு அந்தாண்ட ஆரணி. பட்டு நெசவு ஊர். குழித்தறியும் ஜக்கார்டு பெட்டியும் பார்த்து வளர்ந்தவங்களுக்கு, டொயோட்டாவும் சுசுகியும் தறி செஞ்ச கம்பெனிகள் என்று தெரியும்போது ஒரு சின்ன அதிர்ச்சி வரத்தான் செய்யும்.

சகிச்சி டொயோடா தச்சர் மகன், 1867-ல் பிறந்தவர். முதலில் மரத்தறியைச் சீர்திருத்தினார், அப்புறம் விசைத்தறி. 1924-ல் வந்த ஜி வகை தானியங்கித் தறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவைத் தானே மாத்திக்கும். நூல் அறுந்தால் தானே நின்னுக்கும். பாவு இழை அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போனால் துணி என்ன ஆகும் என்று நெசவாளிக்குச் சொல்லித்தர வேண்டாம். "கோளாறு வந்தா உடனே நிறுத்து, கெட்ட சரக்கை அடுத்த ஆளுக்குத் தள்ளாதே" என்கிற இந்தத் தறிப் புத்திதான் பின்னால் டொயோட்டா கார்த் தொழிற்சாலையின் ஆதார விதியாச்சு. சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இன்னைக்கு பில்டு உடைஞ்சா எல்லாத்தையும் நிறுத்திச் சரி பண்ணச் சொல்றாங்களே, அதுக்கும் கொள்ளுத்தாத்தா அந்தத் தறிதான்.

சுசுகி கதையும் இதே மாதிரி. மிச்சியோ சுசுகி 1909-ல் ஹமாமட்சுவில் தறிப்பட்டறை ஆரம்பிச்சார். நாப்பது வருஷத்துக்கும் மேல் தறிதான். 1952-ல் சைக்கிளில் சின்ன இன்ஜின் மாட்டின 'பவர் ஃப்ரீ'. 1955-ல் சுசுலைட் கார். 1983 டிசம்பரில் குர்கானில் முதல் மாருதி 800 வெளியே வந்தபோது, அதுக்குப் பின்னாடி இருந்தது ஒரு பழைய தறிக் கம்பெனி என்பது எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? டொயோட்டாவும் இந்தியாவில் கார்க் கம்பெனி தொடங்கும் முன்பே, 1995-ல் அதன் குழுமம் கிர்லோஸ்கரோடு சேர்ந்து பெங்களூர் பக்கம் நூற்பு இயந்திரம் செய்யும் கம்பெனி ஆரம்பிச்சது. இன்னோவா ஓட்டுறவங்க இதை யோசிச்சுப் பார்க்கலாம்.

இந்தக் கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவாங்க. "தறி காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸுக்கு வித்தார், அந்தப் பணத்தில் கார் செஞ்சார், கனவு நனவானது" என்று முடிச்சிடுவாங்க. 1929-ல் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது உண்மை. ஆனால் ஒரு லட்சம் பவுண்டில் கார்க் கம்பெனி வராது. வேலை செஞ்சது வேற ரெண்டு விஷயம்.

ஒண்ணு, பட்டறை. தானியங்கித் தறி என்பது நூத்துக்கணக்கான இரும்பு உறுப்புகள். ஒண்ணை எடுத்து இன்னொரு தறியில் போட்டால் அப்படியே பொருந்தணும். அதுக்கு வார்ப்படச்சாலை, கடைசல், அளவு பார்க்கும் ஆட்கள் எல்லாம் வேணும். இவை 1926-ல் ஆரம்பிச்ச டொயோடா தறிக் கம்பெனியில் ஏற்கனவே இருந்தன. சகிச்சியின் மகன் கிச்சிரோ ஒரு செவர்லே காரைப் பிரிச்சுப்போட்டு, இன்ஜினைப் பார்த்து வார்க்க முயன்றபோது, சிலிண்டர் பிளாக் திரும்பத் திரும்ப ஓட்டை விழுந்து வந்தது. தறி வார்க்கத் தெரிஞ்ச கைகளுக்கே அவ்வளவு பாடு என்றால், வார்க்கவே தெரியாத ஊரில் என்ன நடந்திருக்கும்?

ரெண்டாவது, சட்டம். இதைப் பேச்சாளர்கள் சொல்லவே மாட்டாங்க. 1925-லேயே ஃபோர்டு யோகோஹாமாவில் கார் பூட்டிக்கொண்டிருந்தது. 1927-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒசாகாவில். அதாவது அன்றைய ஜப்பான் இன்றைய ஸ்ரீபெரும்புதூர் மாதிரிதான் இருந்தது. 1936-ல் ஜப்பான் அரசு கார் தயாரிப்புச் சட்டம் போட்டு, உள்ளூர்க் கம்பெனிக்கு உரிமம் கொடுத்து, அமெரிக்கக் கம்பெனிகளின் கையைக் கட்டியது. 1939-ல் ரெண்டு பேரும் கடையை மூடினாங்க. அதுக்குப் பின்னாடி ராணுவத்தின் லாரித் தேவை இருந்தது, போர் இருந்தது. புகழ வேண்டிய அரசு இல்லை அது. ஆனால் அந்தச் சட்டத்தை விட்டுட்டு டொயோட்டாவின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

அப்படியென்றால் ஆரணியில் ஏன் ஒரு டொயோடா வரவில்லை? "நமக்குப் புத்தி இல்லை" என்று சுலபமாகச் சொல்றவங்க மேல் எனக்குக் கோபம் வரும். சகிச்சி தறி செஞ்சது மலிவான பருத்தித் துணிக்கு. எவ்வளவு வேகமாக ஓடுதோ அவ்வளவு காசு. பட்டுச் சேலையில் கதை தலைகீழ். மதிப்பு துணியில் இருக்கு, தறியில் இல்லை. ஜரிகையும் கரையும் கையில் வந்தால்தான் விலை. மேலும், மாஸ்டர் வீவரிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்யும் குடும்பத்திடம் புதுத் தறி செஞ்சு பார்க்க முதல் எங்கே? சகிச்சியின் பின்னால் மிட்சுயி என்ற மாபெரும் வணிக வீடு நின்னது. இங்கே அரசு 1985-ல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் நெசவாளியைக் காப்பாத்தத்தான் வந்தது, தறியை அடுத்த கட்டத்துக்குத் தள்ள வரவில்லை.

தமிழ்நாட்டில் ஹமாமட்சுவுக்குக் கிட்டே வந்த ஊர் கோயம்புத்தூர்தான். பஞ்சாலை வந்தது, ஆலைக்கு மோட்டாரும் பம்பும் வந்தன, 1962-ல் லக்ஷ்மி மெஷின் வொர்க்ஸ் வந்து நூற்பு இயந்திரமே செய்ய ஆரம்பிச்சது. தறியிலிருந்து வார்ப்படம், வார்ப்படத்திலிருந்து கார் பாகம் வரைக்கும் போய் அங்கேயே நின்னது. ஏன் நின்னது என்பதற்கு வண்டலூரைப் பார்க்கணும்.

நம்ம ஊரில் கார் வந்தது 1998-ல் ஹூண்டாயோடு என்று நினைக்கிறவங்க நிறையப் பேர். 1949-லேயே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டி வெளியே அனுப்பினது. அந்தக் கம்பெனிதான் லேலண்டோடு சேர்ந்து பஸ், லாரி பக்கம் போய் அசோக் லேலண்ட் ஆச்சு. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்: வான்கார்டு, ஸ்டாண்டர்டு 10, ஹெரால்டு, கேஸல். எங்க அப்பா தலைமுறை ஆளுங்க ஹெரால்டு என்று சொல்லும்போது குரலே மாறும்.

இப்போ இதைக் கொரியாவோடு வச்சுப் பாருங்க. ஹூண்டாய் மோட்டார் 1967-ல்தான் ஆரம்பம். 1968-ல் ஃபோர்டு கார்ட்டினாவைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. அதாவது அந்த வருஷம் அவங்க நம்மைவிட இருபது வருஷம் பின்தங்கி இருந்தாங்க. ரெண்டு பேரும் செஞ்சது ஒரே வேலை, இங்கிலீஷ் காரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டுறது. 1973-ல் கொரிய அரசு, உள்ளூரில் வடிவமைச்ச சிறு கார் வேணும் என்று திட்டம் போட்டது. ஹூண்டாய் இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் டர்ன்புல்லைக் கூட்டிவந்தது. இத்தாலியின் ஜியுஜாரோ உருவம் வரைஞ்சார். இன்ஜின் மிட்சுபிஷியுடையது. இப்படிக் கடன் வாங்கிச் சேர்த்ததுதான் போனி. ஆனால் பெயரும் காரும் அவங்களுடையது, யாரையும் கேட்காமல் ஏற்றுமதி பண்ணலாம். 1976-லேயே ஈக்வடாருக்குப் போச்சு. 1986-ல் அமெரிக்காவில் எக்செல். 1991-ல் சொந்தமாக ஆல்ஃபா இன்ஜின்.

அதே காலத்தில் வண்டலூர் என்ன செஞ்சது? எத்தனை கார் செய்யலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கும். விலையையும் ரொம்ப நாள் அரசே கட்டுப்படுத்தியது. நாடு முழுக்க மூணு கம்பெனியும் சேர்ந்து வருஷத்துக்கு 50 ஆயிரம் கார் தாண்டாத காலம் அது. வெளியே போட்டியில்லை, உள்ளே வளர அனுமதியில்லை. 1985-ல் கடைசி முயற்சியாக ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடம்பு ரோவர் எஸ்டி1, இதயம் வான்கார்டு காலத்து இன்ஜின் வழி வந்தது! அந்தக் கலவையை இன்னைக்கு நினைச்சாலும் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும். 80களின் கடைசியில் தொழிற்சாலை மூடியாச்சு.

நம்ம ஆட்களில் ஒரு கட்சி "பாதுகாப்புக் கொடுத்ததால்தான் கெட்டோம்" என்று சொல்லும். இன்னொரு கட்சி "பாதுகாப்புக் கொடுக்காததால் சொந்தக் கார் இல்லை" என்று சொல்லும். ரெண்டையும் ஏத்துக்க முடியவில்லை. கொரியாவும் வெளிநாட்டுக் காரை உள்ளே விடவில்லை, நாமும் விடவில்லை. வித்தியாசம், கொரிய அரசு சலுகை கொடுத்த கம்பெனியிடம் "ஏற்றுமதிக் கணக்கைக் காட்டு" என்று கேட்டது. நம்ம அரசு "எண்ணிக்கை தாண்டாதே" என்று சொன்னது. மலேசியா இதுக்கு மூணாவது சாட்சி. 1983-ல் புரோட்டான், 1985-ல் சாகா கார், அதே மிட்சுபிஷி தொழில்நுட்பம். அரசின் செல்லப்பிள்ளை. வெளிச்சந்தையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. 2017-ல் 49.9 சதவீதப் பங்கு சீனாவின் கீலிக்குப் போச்சு.

"சரி, இப்போ அதையே நாம செய்யலாமே" என்றால், அந்தக் கதவும் பாதி சாத்தியாச்சு. 1997-ல் இந்தியா, கார் கம்பெனிகள் மூணு வருஷத்தில் 50 சதவீதமும் அஞ்சு வருஷத்தில் 70 சதவீதமும் உள்ளூர்ப் பாகம் போடணும் என்று ஒப்பந்தம் கேட்டது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போனாங்க, 2001-ல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. ஜப்பானும் கொரியாவும் ஏறின ஏணி அது. ஏறினபிறகு எடுத்தாச்சு. ஆனால் ஒண்ணைச் சொல்லணும்: அந்த நிபந்தனை இருந்த சில வருஷத்தில் ஹூண்டாயோடும் ஃபோர்டோடும் வந்து இறங்கின பாகக் கம்பெனிகள்தான் இன்னைக்கு இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்துக்கு முதுகெலும்பு.

இப்போ பணம் எந்தப் பக்கம் ஓடுது என்று பார்ப்போம். ஹூண்டாயின் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு வருஷம் 8 லட்சம் கார் செய்யும் திறன். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்கு வெளியீட்டில் திரட்டிய 27,870 கோடி ரூபாயும் தாய்க் கம்பெனி தன் பங்கை வித்ததுதான். ஒரு ரூபாய்கூட இங்கே புது முதலாக வரவில்லை. அதுபோக விற்பனையில் 3.5 சதவீதம் ராயல்டி. இதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. வீடு கட்டினவன் வாடகை வாங்குறான். நான் கேட்பது, வாடகை வீட்டைச் சொந்த வீடு என்று போர்டு மாட்டலாமா என்பதுதான்.

அறிவு இங்கே வளரவே இல்லை என்று சொன்னால் அது பொய். ரெனோவின் க்விட் காரை எடுத்துக்கோங்க. ஜெரார்ட் டெத்தூர்பே என்ற பிரெஞ்சு இன்ஜினியர் தலைமையில், பெரும்பாலும் சென்னையிலேயே உருவான கார். 2015-ல் மூணு லட்சத்துக்கும் கீழே விலை வச்சாங்க. அதன் அடித்தளத்திலிருந்து பிரேசிலுக்கு ஒரு கார், ஐரோப்பாவுக்கு ஒரு மின்சாரக் கார் கிளம்பிப் போச்சு. நம்ம பசங்க போட்ட வேலை. ஆனால் டிராயிங் ரெனோவுடையது. இருபது வருஷமாகக் கோடு எழுதும் எனக்கு இது பழகின நிலைமை. ராத்திரி கண்முழிச்சு எழுதுவது நாம், ரெப்போ கிளையண்டுடையது. வேலை கத்துக்குறோம், சம்பளம் வருது, வீடு கட்டுறோம், எல்லாம் சரி. பிராஜெக்ட் முடிஞ்சதும் கையில் மிஞ்சுறது நம்ம கையில் ஏறின பழக்கம் மட்டும்தான்.

அந்தப் பழக்கத்தைச் சொத்தாக மாத்தின ஒரு கதை தமிழ்நாட்டில் இருக்கு. டெட்ராய்ட் பேச்சில் அது அடிபடுவதே இல்லை, ஏன்னா அது கார் இல்லை. 1962-ல் பாடியில் பிரேக் செய்ய ஆரம்பிச்ச சுந்தரம் கிளேட்டன், 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50 மொபெட்டை இறக்கினது. ஆரணித் தெருவில் பாவும் பட்டும் சுமந்துபோன வண்டி அது. ஹமாமட்சுவின் பவர் ஃப்ரீக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அப்புறம் சுசுகியோடு கூட்டு. 1998-ல் சுந்தரம் கிளேட்டனுக்கு ஜப்பானின் டெமிங் பரிசு. 2001-ல் சுசுகியிடமிருந்து பிரிஞ்சாங்க. பிரிஞ்சால் செத்துப்போகும் என்று பலர் எதிர்பார்த்தபோது, சொந்தமாக வடிவமைச்ச விக்டர் பைக் அதே வருஷம் வந்தது. 2020-ல் இங்கிலாந்தின் நார்ட்டனையே வாங்கினாங்க. பிரேக், மொபெட், கூட்டு, பிரிவு, சொந்த இன்ஜின். ஜப்பான், கொரியா போன பாதை இதுதான், ரெண்டு சக்கரத்தில். இதைப் பாடப்புத்தகத்தில் வைக்கணும் என்பேன்.

நாலு சக்கரத்தில் இப்போதைக்கு நடப்பது விசித்திரமானது. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டியில் இருக்கு. அங்கே யோசிச்ச வண்டியை ஓட்டிப் பார்க்க, 454 ஏக்கரில் ஒரு சோதனைத் தடத்தை செய்யாறு சிப்காட்டில் 2021-ல் திறந்தாங்க. காஞ்சிபுரம் வந்தவாசி ரோட்டில் மாங்கால் கூட்ரோடு தாண்டிப் போறவங்களுக்குத் தெரிஞ்ச வட்டாரம். ஆனால் அந்த வண்டி தயாராவது மகாராஷ்டிரத்தின் சாக்கனிலும் நாசிக்கிலும். ஆக, வெளிநாட்டில் யோசிச்ச கார் இங்கே தயாராகுது, இங்கே யோசிச்ச கார் வெளிமாநிலத்தில் தயாராகுது. எனக்கு இதில் முதல் பாதியைவிட ரெண்டாவது பாதிதான் நம்பிக்கை தருது. கூட்டம் போட்டு நாடா வெட்டும்போது மட்டும் எல்லாரும் முதல் பாதியையே பேசுறாங்க.

இவ்வளவையும் நான் வெறும் வரலாற்று ஆசையில் எழுதவில்லை. அதே செய்யாறு சிப்காட்டின் மூணாவது கட்டத்துக்கு மேல்மா சுத்துவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க 2023-ல் வேலை ஆரம்பிச்சது. விவசாயிகள் நூறு நாளைத் தாண்டிப் போராடினாங்க. நவம்பரில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் போட்டு, எதிர்ப்பு கிளம்பினபிறகு முதலில் ஆறு பேர் மேல் போட்டதை வாபஸ் வாங்கினாங்க. அந்தப் பக்கம் ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் டாடாவின் ஆலை, 2024 செப்டம்பரில் அடிக்கல். தெற்கே தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட், 2025 ஆகஸ்டில் திறப்பு. 2017-ல் பிறந்த கம்பெனி, நமக்கு வந்து கார் செஞ்சு தருது! வந்தவாசியில் 1760-ல் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் சண்டை போட்டப்போ மண் மட்டும்தான் நம்மது. அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியக்காலையில் கம்பெனி பஸ் ஏறிப்போகும் பெண் பிள்ளைகளை எங்க பக்கத்து ஊர்களில் பார்க்கிறேன். அந்தச் சம்பளம் அவங்க வீட்டில் என்ன மாத்தியிருக்கு என்பதும் தெரியும். ஆனால் ஒரு ஏக்கர் நெல் நிலத்தைக் கொடு என்று கேட்கும்போது சொல்லும் காரணம் "நாம் ஆசியாவின் டெட்ராய்ட்" என்பதாக இருக்கக்கூடாது. இங்கே எத்தனை பேர் டிராயிங் போடுவாங்க, இன்ஜினோ பேட்டரியோ எது இங்கேயே செய்வீங்க, உள்ளூர்ப் பட்டறையிலிருந்து எதை வாங்குவீங்க, கம்பெனி கிளம்பிப் போனால் நிலம் யாருக்கு? புரிந்துணர்வு ஒப்பந்தச் செய்திகளில் முதலீட்டுக் கோடியும் வேலை எண்ணிக்கையும் தலைப்பில் வருது. இந்த நாலு கேள்விக்கும் பதில் உள்ளே எத்தனையாவது பத்தியில் வருது என்று அடுத்த தடவை தேடிப் பாருங்க.